கேமராவுக்கு மட்டும் வேண்டாம் என்றேன்

அழுத்தாதே தங்கச்சி, அதை அழுத்தாதே. கொஞ்சம் பொறு.

ஐயோ, உன் போனை எட்டிப் பார்க்கவேண்டும் என்று பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேனா, கண்ணில் பட்டுவிட்டது. 'அனுமதி', 'அனுமதிக்காதே' என்று கட்டம் வந்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே. என்ன ஆப் அது? போட்டோவில் தலைக்குப் பூ வைத்துக் காட்டுமா? நல்லது, வைக்கட்டும். பூ வைக்கிறவனுக்கு உன் போனில் இருக்கிறவர்கள் பெயரும் நம்பரும் எதற்கு? அதைக் கேள். நான் அதைக் கேட்காமல்தான் இன்றைக்கு இந்தத் தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டிக்குப் போகிறேன்.

காலை இந்தப் பக்கம் வைத்துக்கொள். வாளியில் மாவு. இட்லி மாவு. கவிழ்ந்தால் உன் சேலை போய்விடும்.

எனக்குச் சங்கரன்கோவில்தான். மாவு ஆட்டி விற்கிறேன். வீட்டுக்காரர் தறிக்குப் போகிறார். ஒரே பிள்ளை, செண்பகம். கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. இப்போது மாசமாக இருக்கிறாள். தலைப்பிரசவம். தலைப்பிரசவம் எங்கே நடக்கவேண்டும்? நீயே சொல்லு. தாய் வீட்டில்தானே? அவள் வரமாட்டேன் என்கிறாள். அனுப்பமாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. அவளே வரமாட்டேன் என்கிறாள். எங்கள் தெருவில் எல்லாரும் "எப்ப கூட்டியாரிய, எப்ப கூட்டியாரிய" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "டாக்டர் அலையக்கூடாதுன்னுட்டாரு" என்று ஒரு பொய் சொல்லி வைத்திருக்கிறேன். டாக்டர் பாவம், ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாம் அந்த அனுமதியால் வந்தது. இல்லை, அதற்கும் முன்னால் போகவேண்டும்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். அம்மா படுத்துவிட்டாள், தம்பி கைப்பிள்ளை, நிறுத்திவிட்டார்கள். ஆனால் தமிழ் நன்றாக வாசிப்பேன். போனைத் தமிழில்தான் வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் "கோமதி" என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பும், கோமதி அம்மன் கோவில் இருக்கிற ஊர் அப்படி. நானே கோமதிதான். மாவு வாங்க வருகிற எல்லாரையும் கோமதி, கோமதி என்று போனில் ஏற்றினால் எந்தக் கோமதிக்கு மாவு எடுத்து வைப்பது? அதனால் ஆளுக்கு ஒரு அடையாளம் போட்டு வைப்பேன். 'மாடிவீட்டுச் சண்டை.' 'பால் தண்ணி.' 'புளிச்ச மாவு சார்.' அவர் ரிட்டயரான வாத்தியார். காலையில் ஆட்டின மாவைக் காலையிலேயே வாங்கிப்போய், சாயந்திரம் போன் போட்டு, "புளிச்சிருச்சும்மா" என்பார். வெயில் காலத்தில் வெளியே வைத்தால் புளிக்காமல் என்ன செய்யும்? வாத்தியாருக்கு இது தெரியவேண்டாமா?

யார் மனதையும் நோகடிக்க வைக்கவில்லை. என் போன், என் அடையாளம். அலமாரிக்குள் ஒருத்தி சேலையை எப்படி மடித்து வைத்தால் யாருக்கென்ன? அப்படித்தான் நினைத்தேன்.

சம்பந்தியம்மாவை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். நல்லவள். நல்லவள் இல்லை என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. போன ஆடியில் அவள் வீட்டுக்காரர் போய்விட்டார். மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர், கம்பத்தில் ஏறி ஒன்றும் ஆகவில்லை, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த அண்ணன் பெயரில் இருந்த நம்பரை மாப்பிள்ளை நிறுத்திவிட்டு, மதினிக்கென்று ஒரு போனும் புது நம்பரும் வாங்கிக் கொடுத்தார். அதிலிருந்து முதல் போன் எனக்குத்தான் வந்தது. "இந்த நம்பர்ல இருந்து மொதல்ல உங்களுக்குத்தான் மதினி போடுதேன்" என்றாள். என்றுவிட்டு அழுதாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது. தினமும் சாயந்திரம் ஐந்து மணிக்கு. செண்பகமும் மாப்பிள்ளையும் வேலை முடிந்து வர ஆறாகும். ஐந்து மணிதான் அண்ணன் டீ குடிக்க வீட்டுக்கு வருகிற நேரமாம். தெருமுனையில் சைக்கிள் மணியை ஒரு தடவை அடிப்பாராம். இரண்டு தடவை அடித்தால் கூட ஆள் வருகிறது, பாலைக் கூடுதலாக ஊற்று என்று அர்த்தமாம். இப்போதும் தெருவில் எந்தச் சைக்கிள் மணி அடித்தாலும் இவள் எழுந்துபோய்ப் பாலை அடுப்பில் வைத்துவிடுகிறாளாம். வைத்த பிறகுதான் ஞாபகம் வருமாம். அப்புறம் அந்தப் பாலை என்ன செய்ய என்று தெரியாமல் எனக்குப் போன் போடுவாளாம்.

இதையே எத்தனை நாள் கேட்பாய் தங்கச்சி? ஐந்து மணிதான் எனக்கும் வியாபார நேரம். வாசலில் பாத்திரத்தோடு ஆள் நிற்கும். ஆனாலும் நான் போனை வைத்துவிடவில்லை. அந்தப் பாவத்தைச் செய்யவில்லை. ஸ்பீக்கரைப் போட்டு, உப்பு ஜாடி மேல் சாய்த்து வைத்துவிட்டு, மாவை ஊற்றிக்கொண்டே "ம்" கொட்டுவேன். அவள் பாட்டுக்கு அழுவாள். நான் பாட்டுக்கு ஊற்றுவேன். "என்னக்கா, இன்னிக்கு ஆரம்பிச்சாச்சா?" என்று மாவு வாங்க வந்தவர்கள்கூடக் கேட்பார்கள். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என்ன செய்ய, ஒரு காதும் இரண்டு கையும்தானே இருக்கிறது எனக்கு. சில நாள் முடியாதபோது போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அதுவும் உண்மைதான்.

அவள் நம்பரை எந்தப் பெயரில் வைத்திருந்தேன் என்று கேட்கிறாயா?

சொல்கிறேன். சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை, ஆனால் சத்தமாகச் சிரிக்காதே.

'ஒப்பாரி சம்பந்தி.'

போன் அடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடவேண்டுமா, ஈரக்கையோடே ஸ்பீக்கரை அமுக்கினால் போதுமா என்று எனக்குத் தெரியவேண்டும் அல்லவா? அதற்காக வைத்தது.

சரி. இப்போது ஆப்புக்கு வருகிறேன். மாவு கேட்டுப் புதுப்புது நம்பரிலிருந்து போன் வரும். "அக்கா, ரெண்டு படி எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். யார் பேசினது, எங்கே இருந்து, ஒன்றும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பரிமளம்தான், "ஒரு ஆப் இருக்குக்கா, யாரு கூப்பிட்டாலும் பேரு காட்டிக் கொடுத்துரும்" என்றாள். எனக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. நானே போட்டுக்கொண்டேன். போட்டவுடன் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தது. எனக்கு இதெல்லாம் வேண்டும், கொடுக்கிறாயா, கொடுக்கிறாயா என்று. அழைப்புகளைப் பார்க்க அனுமதிக்கவா? கூப்பிடுகிறவன் பெயரைச் சொல்லவேண்டுமென்றால் கூப்பிடுகிறவனைப் பார்க்கத்தானே வேண்டும்? அனுமதி. இருக்கும் இடம்? மாவு வாங்க வருகிறவர்களுக்கு இடம் தெரியட்டுமே. அனுமதி. தொடர்புகளை அணுக அனுமதிக்கவா? எனக்குத் தெரிந்தவர்களைக் கேட்கிறது, நல்லது கெட்டது விசாரிக்கிற மாதிரி. அனுமதி. கேட்டுவிட்டு உள்ளே வருகிறவனை வாசலில் நிறுத்துகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. கேட்காமல் எடுத்தால்தான் திருட்டு. இது ஒவ்வொன்றுக்கும் பதவிசாகக் கேட்கிறது.

கடைசியாகக் கேமராவைக் கேட்டது. நான் நைட்டியோடு இருந்தேன், தலையில் எண்ணெய். சும்மா இருப்பேனா? அதற்கு மட்டும் 'அனுமதிக்காதே' அழுத்தினேன். எனக்கு அன்றைக்கு ஒரே பெருமை. ராத்திரி வீட்டுக்காரரிடம், "எல்லாத்தையும் கேட்டுச்சு, நான் கேமராவை மட்டும் கொடுக்கலியே" என்று சொன்னேன். அவர், "கெட்டிக்காரிதான்" என்றார். அந்த மனுஷனுக்கும் ஒன்றும் தெரியாது.

அந்த ஆப் என்ன செய்யும் தெரியுமா? உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. நான் யாருக்கு என்ன பெயர் வைத்திருக்கிறேனோ, அதை அப்படியே அள்ளிக்கொண்டு போய் ஊர் உலகத்துக்கெல்லாம் அந்த ஆளின் பெயர் என்று காட்டும். புளிச்ச மாவு சார் தன் சம்பந்திக்குப் போன் போட்டிருக்கிறார். அந்தப் பக்கம் அவர், "என்ன சார், புளிச்ச மாவுன்னு வருதே, மாவுக்கடை போட்டுட்டீங்களா?" என்றிருக்கிறார். வாத்தியாருக்கு மூளைக்கா பஞ்சம்? நேரே என் வாசலில் வந்து நின்றார். பாத்திரத்தை நீட்டினார். "ஒரு படி ஊத்தும்மா. இனிமே புளிச்சாலும் சொல்ல மாட்டேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு எதற்கு என்று புரியவில்லை. அவரே போனைக் காட்டி விளக்கினார், வகுப்பெடுக்கிற மாதிரி.

அவர் சொல்லச் சொல்ல நான் மாவு ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். வாத்தியாரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மாடிவீட்டுச் சண்டை வந்து சண்டை போட்டால் போடட்டும், அவள் வழக்கமாகப் போடுகிறதுதான். எனக்கு ஞாபகம் வந்தது வேறு பெயர். புது நம்பர். அதை வைத்திருக்கிறவர்களே நாலைந்து பேர்தான் இருப்பார்கள். அதில் பெயர் வைத்தவள் நான்.

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுக்கப் போனேன். அதற்குள் செண்பகம் கூப்பிட்டாள்.

"அம்மா, அத்தை பேரை உன் போன்ல என்னன்னு வச்சிருக்க?"

"சம்பந்தின்னுதான்."

"அதுக்கு முன்னால?"

நான் மாவுப் பாத்திரத்தை மூடினேன்.

"சம்பந்திக்கு முன்னால என்னன்னு போட்டிருக்கம்மா?"

"செண்பகம், வாசல்ல ஆள் நிக்குது, அப்புறம் பேசுதேன்..."

"உனக்கு எப்பவும் வாசல்ல ஆள் நிக்கும்மா."

என் பிள்ளை என்னிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அன்று அவளுக்கு லீவு, வீட்டில்தான் இருந்திருக்கிறாள். நடந்ததை அவள்தான் சொன்னாள். மதினி சிலிண்டருக்காகக் கேஸ்காரருக்குப் போன் போட்டிருக்கிறாள். அவர் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை. குரலை இறக்கிக்கொண்டு, "யம்மா, வீட்ல ஏதும் துக்கமா? வேணும்னா சிலிண்டரை நாளைக்குக் கொண்டாரட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். மரியாதைக்காரர் பாவம். மதினி, "யாருப்பா சொன்னா?" என்றிருக்கிறாள். அவர் போனைக் காட்டியிருக்கிறார். மதினி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசித்திருக்கிறாள்.

ஒப்பாரி என்று மட்டும் இருந்திருந்தாலாவது யாரோ எவரோ என்று போயிருக்கும். சம்பந்தி என்று கூடப் போட்டிருக்கிறேனே. அவளுக்கு இருக்கிறது ஒரே மகன். ஒரே சம்பந்தி. நான்தான்.

வாசித்துவிட்டுப் போனை அவரிடம் திருப்பிக் கொடுத்தாளாம். "துக்கம் போன வருசம்யா. நீ உள்ள கொண்டா" என்றாளாம். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாளாம். ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லையாம். சொல்லியிருக்கலாம் தங்கச்சி. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருந்தால் நானும் நாலு சொல்லி, அழுது, முடிந்திருக்கும். நாலு நாள் கழித்துச் செண்பகம் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னாள், "அன்னைக்கு அஞ்சு மணிக்கு அத்தை போனைக் கையில எடுத்தாங்க. அப்புறம் வச்சுட்டாங்க. இப்ப யாருக்கும் போன் போடுறதில்ல. அழுறதும் இல்ல. அழாம இருக்குறதைப் பாத்தாத்தாம்மா பயமா இருக்கு. நான் அங்க வரல. பிரசவம் இங்கயே இருக்கட்டும். அத்தையை இப்படி விட்டுட்டு வர மாட்டேன்."

பெற்றவள் நான். என்னிடம் வரமாட்டாளாம்.

பரிமளத்தைக் கூப்பிட்டு அந்த ஆப்பையே பிடுங்கி எறிந்தேன். போனில் இருந்த பெயரையெல்லாம் உட்கார்ந்து மாற்றினேன். எல்லாரும் இப்போது கோமதி, கோமதி அக்கா, கோமதி அம்மா. யார் கூப்பிடுகிறார்கள் என்று ஒன்றும் தெரிவதில்லை. அத்தோடு தீர்ந்தது என்று பார்த்தால், வீட்டுக்காரர் கேட்டார், "ஊருக்கெல்லாம் பேரு வச்சியே, ஊரு உனக்கு என்ன பேரு வச்சிருக்குன்னு கேட்டியா?" அன்றைக்கு அந்த மனுஷனுக்குச் சோறு மட்டும்தான் வைத்தேன், குழம்பு வைக்கவில்லை.

மறைக்காமல் சொல்கிறேன், ஒரு நாள் நான் வேறு மாதிரியும் நினைத்தேன். மதினிதான் செண்பகத்தைத் தூண்டிவிடுகிறாள், வாயைத் திறக்காமலே என் பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொண்டாள் என்று. அழுகிறவளை நம்பலாம், அழாமல் இருக்கிறவளை நம்பக்கூடாது என்று. நினைத்தேன். பரிமளத்திடம் சொல்லவும் செய்தேன்.

தினமும் போன் போட்டுப் பார்க்கிறேன். ஐந்து மணிக்குத்தான் போடுகிறேன். வாசலில் ஆள் நின்றாலும் நிற்கட்டும் என்று போடுகிறேன். முழுசாக அடித்து ஓய்கிறது. கவிழ்த்து வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியும். கவிழ்த்து வைத்தால் இந்தப் பக்கம் எப்படி அடிக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. மதினிக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

ஓய்ந்து ஓய்ந்து பார்த்துவிட்டு, இன்றைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டேன். கையில் என்ன கொண்டுபோவது? பூ வாங்கலாம் என்று பார்த்தேன், அவளுக்குப் பூ வாங்கிப் போக மனசு வரவில்லை. இனிப்பு வாங்கினால் எதற்கு இனிப்பு என்று கேட்பாள். அப்புறம் இருக்கிறதைக் கொண்டுபோவோம் என்று மாவை வாளியில் ஊற்றிக்கொண்டேன்.

கழுகுமலை வந்துவிட்டதா? இறங்குகிறவர்கள் இறங்கட்டும். நீ கோவில்பட்டிதானே? நல்லது.

தூங்குகிறாயா தங்கச்சி? இல்லையா? அப்போதிருந்து "ம்", "ம்" என்றே சொல்லிக்கொண்டு வருகிறாய். ஒரு காதில் அந்த வயரை மாட்டியிருக்கிறாய். தப்பு சொல்லவில்லை. உனக்கும் உன் வேலை இருக்கும். நான்தான் ஏறினதிலிருந்து வாயை மூடவில்லை. நானும் மதினிக்கு இப்படித்தான் "ம்" போடுவேன். இதே "ம்"தான். கேட்டால் கண்டுபிடித்துவிடலாம் போலிருக்கிறதே. மதினி கண்டுபிடித்திருப்பாளோ?

ஒரு உதவி செய்வாயா? வாசலில் போய் நின்று, அவள் கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டால் நான் அங்கேயே விழுந்துவிடுவேன். அதற்கு முன்னால் ஒரு தடவை குரலைக் கேட்டுக்கொள்கிறேன். என் நம்பர் என்றால் எடுக்கமாட்டாள். உன் போனிலிருந்து ஒரு தடவை போட்டுக் கொடு. புது நம்பர், யாரோ என்று எடுப்பாள். இந்தா, என் போனில் 'மதினி' என்று இருக்கிறது பார், அந்த நம்பர். அமுக்கு. ஒவ்வொன்றாக அமுக்கு.

இதென்ன? உன் போனில் ஏன் பெயர் வருகிறது? நீ இப்போதுதானே நம்பரை அமுக்கினாய்?

காட்டு. இங்கே காட்டு.

உன்னிடமும் அந்த ஆப் இருக்கிறதா.

நான்தான் பிடுங்கி எறிந்துவிட்டேனே. பெயரையும் மாற்றிவிட்டேனே. என் போனில் இல்லையே தங்கச்சி, இதோ பார், என் போனில் மதினி என்றுதானே இருக்கிறது. அப்புறம் எப்படி இது... அள்ளிக்கொண்டு போனது போனதுதானா? நான் அழித்தாலும் போகாதா? முன்னே பின்னே தெரியாத நீ, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள், உன் கையிலும் அவள் ஒப்பாரியா?

அடிக்கிறது. கொடு. கொடு.

"ஹலோ... மதினி... வச்சுராதிய மதினி. நான்தான். கோமதி. செண்பகம் அம்மா. பஸ்ல பக்கத்துல இருக்கிற பிள்ளை போன்... ஆமா. ஆமா, அங்கதான் வாரேன்... இல்ல மதினி, ஒண்ணுமில்ல, எல்லாரும் சௌக்கியம்தான். நான்தான்... நான் என்னத்தச் சொல்லுவேன் மதினி. எனக்கு எந்த மூஞ்சி இருக்கு. அழல. நான் அழல மதினி. சத்தம் அப்படி இருக்கு, பஸ்ஸு... அழுதேன்தான். அழுதேன். ராத்திரி தூங்கல மதினி. சோறு எறங்கல. பிள்ளை மொகத்தைப் பாக்கணும்னு... உங்க மொகத்தை எப்படிப் பாக்கன்னு... ம்... என்னது? நீங்களா? நீங்களா அவளைப் போகச் சொன்னிய? அவதான் கேக்க மாட்டேங்காளா? தினமும் சொல்லுதியளா? ஐயோ மதினி. நான் வேற மாதிரி... இல்ல, ஒண்ணுமில்ல... கூட்டிட்டு வந்து நீங்களே விடுதியளா? எங்க வீட்டுக்கா? நீங்களும் கூட இருக்கியளா? இருங்க மதினி, இருங்க. பிள்ளை பெறந்து எந்திரிக்குத மட்டும் இருங்க... ம்... ம்... மாவா? கொண்டாரேன். வாளி நெறையக் கொண்டாரேன். புளிச்சிருக்கும் மதினி, வெயில்ல வந்துட்டேன்... அவளுக்குப் புளிப்பாத்தான் வேணுமா? சரி. சரி. வெயில்ல எதுக்கு பஸ் ஸ்டாண்டுக்கு... சரி. வாங்க. வச்சுருதேன்."

இந்தா தங்கச்சி. நீ நல்லா இருப்பே. உன் வயிற்றில் பிறக்கிறதும் நல்லா இருக்கும்.

அழுதது பூராவும் நான். அவள் இடையில் பேசவே இல்லை. "ம்" என்று மட்டும் சொன்னாள், நான் முடிக்கிறவரை. அது நாம் சொல்கிற "ம்" இல்லை.

என்ன, எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள்? முன் சீட்டுக்காரம்மா ஏன் கண்ணைத் துடைக்கிறாள்? கண்டக்டர்கூடச் சிரிக்கிறார். என்னது, ஸ்பீக்கரா? பஸ் முழுக்கக் கேட்டதா? நீ போட்டாயா? நீ போடவில்லையா?

அப்படியென்றால் என் விரல்தான். பழக்கம். போனைக் கையில் எடுத்ததும் தானாகப் போய் அதை அமுக்கியிருக்கிறது.

நான் அழுததை இவ்வளவு பேரும் கேட்டார்களா? அந்தக் கடைசி சீட்டு ஆளுமா? ஐயோ. முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன். சேலையைத் தலையில் போட்டுக்கொள்கிறேன், நீ கொஞ்சம் இந்தப் பக்கம் மறைத்துக்கொள்...

தங்கச்சி.

உப்பு ஜாடி மேல் வைத்திருந்தேன் என்றேனே. தினமும். வாசலில் பாத்திரத்தோடு நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். சைக்கிள் மணி ஒரு தடவையா இரண்டு தடவையா என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். பால் அடுப்பில் பொங்கினது தெரியும். சின்னப் பிள்ளைகள் அவளை மாதிரி அழுது காட்டும். நான் சிரித்தேன். அப்போதே உன்னிடம் சொன்னேன், அதையும் நல்லதாகத்தான் சொன்னேன். போனை வைத்துவிடவில்லை என்று பெருமையாகச் சொன்னேன்.

அது மதினிக்குத் தெரியாது. செண்பகத்துக்கும் தெரியாது. மதினி வந்து எங்கள் வீட்டில் தங்கினால், முதல் நாளே மாவு வாங்க வருகிறவள் எவளாவது, "இந்தம்மாதானா அது?" என்று கேட்டுவிடுவாள். அதற்கு முன்னால் நான் சொல்லவேண்டும். சொன்னால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று இப்போது சொன்ன வாய் அப்படியே மூடிக்கொள்ளலாம். மூடிக்கொண்டால் கேட்க எனக்கு என்ன இருக்கிறது? அந்தச் சனியன் பிடித்த ஆப்பாவது ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தது. நான் அவளிடம் ஒரு நாள்கூடக் கேட்கவில்லையே.

வாளியை எடுத்துக் கொடு. மெதுவாக. மூடியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது பார், பொங்கிவிட்டது. உன் சேலையில் படவில்லையே? பட்டிருந்தால் துடைத்துவிடுகிறேன்.

மாவை இறக்கி வைத்துவிட்டுச் சொல்லலாமா? வேண்டாம். வீட்டுக்குள் போனால் செண்பகம் இருப்பாள், சாப்பிடச் சொல்வார்கள், சொல்லாமலே விட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். இறங்கினவுடன், நடக்கும்போதே சொல்லிவிடவேண்டும்.

அதோ, அதோ நிற்கிறாள். கறுப்புக் குடை, கடையோரம். அதற்குள் வந்துவிட்டாள் பார், வீட்டிலிருந்து ஓடி வந்திருப்பாள். போனைக் கையிலேயே வைத்திருக்கிறாள்.

உன் போனில் அந்தப் பெயரை மாற்ற முடியுமா தங்கச்சி? தப்பு, இதுதான் சரி என்று எழுதி அனுப்ப வழி இருக்கிறதா? இருக்கிறதா? அப்படியென்றால் எழுது. பஸ் நிற்பதற்குள் எழுது. அவள் பெயர் சுந்தரவடிவு. முன்னால் ஒன்றும் வேண்டாம், பின்னால் ஒன்றும் வேண்டாம். சுந்தரவடிவு.